பாத்தியளா என்று கேட்டவர்

மழை வருமா என்று அவரிடம் கேட்டால், குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வானத்தை நன்றாகப் பார்ப்பார். "மேக்க மேகம் கெடக்கு" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. "வரும்போலத்தான் இருக்கு, இல்லையா?" என்று நாமாக எடுத்துக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள மாட்டார்.

"மேகம் இருக்கு டீச்சர். அதைப் பாக்கேன்."

சங்கரன்கோவிலில் நான் வேலை பார்த்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் அவர் தையல் டீச்சர். பெயர் இருந்தது, ஆனால் சம்பளப் பட்டியல் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. நானும் இங்கே எழுதப் போவதில்லை. ஒல்லியான உடம்பு, காலுக்குப் பெரிதான தோல் செருப்பு, கறுப்புக் குடை. முந்தானை ஓரத்தில் எப்போதும் இரண்டு ஊசிகள் குத்தியிருக்கும். ஒன்றில் வெள்ளை நூல், மற்றொன்றில் நூல் இருக்காது. நூல் இல்லாதது முள் எடுக்க. உடைமுள்ளும் நெருஞ்சியும் இல்லாத தடம் எங்கள் பக்கத்தில் ஏது? பிள்ளைகள் நொண்டிக்கொண்டு வந்து அவர் மடியில் காலை வைப்பார்கள்.

"வலிக்குமா டீச்சர்?"

"வலிக்கும்."

மற்ற டீச்சர்கள் நாங்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டோம். வலிக்காது என்று சொல்லித்தான் ஊசியைக் கையில் எடுப்போம். ஆனால் பிள்ளைகள் எங்களிடம் வருவதில்லை. என் மகள் எஸ்தர் ஏழு வயதில் சொன்னாள்: "தையல் டீச்சர் வலிக்கும்னா வலிக்கும், முடிஞ்சிட்டுன்னா முடிஞ்சிட்டு. நீ வலிக்காதுன்னு சொல்லிக்கிட்டே குத்துதே."

இந்தக் குணம் பெரியவர்களுக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. கம்பவுண்டர் ஏசுவடியான் அண்ணாச்சி, சனிக்கிழமைதோறும் சேர்ந்து நடக்கப் போகும் எங்கள் கூட்டத்தில் ஒருவர். எதற்கும் சிரிக்கிற மனிதர். அவரே ஒருமுறை கோபப்பட்டார். அவருடைய அக்காள் மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பையன் தையல் டீச்சருக்கு அடுத்த வீடு. பெண் வீட்டார் விசாரிக்க நேராக டீச்சரிடமே வந்துவிட்டார்கள்.

"பையன் எப்படிம்மா?"

"காலைல சைக்கிளைத் துடைப்பான். பாத்திருக்கேன்."

"குணம் எப்படி?"

"அதை நான் பாக்கலையே."

"குடி, சீட்டு, அப்படி ஏதாவது…?"

"பாக்கலை."

பெண் வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். அண்ணாச்சி மறுநாள் பள்ளிக்கூட வாசலுக்கே வந்தார். "ஏன் டீச்சர், தங்கமான பையன்னு ஒரு வார்த்தை சொன்னா உங்க கையில இருக்க ஊசி முறிஞ்சா போயிரும்?"

"தங்கம்னு எனக்குத் தெரியாதே அண்ணாச்சி."

"எனக்கு மட்டும் தெரியுமா? சொல்லுதேன்லா!"

இதை அண்ணாச்சியே பிறகு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் இன்னொரு பதிலைச் சொல்லி யாரும் சிரித்ததில்லை. டீச்சர் கழுத்தில் தாலி இருந்தது; வீட்டில் ஆண் இல்லை. கோயிலில் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது புதிதாக வந்திருந்த பாதிரியாரின் மனைவி, ஐயரம்மா, அன்பாகக் கேட்டார்கள்: "உங்க வீட்டய்யா இருக்காங்களா, இல்லையாம்மா?"

"எனக்குத் தெரியாதும்மா."

ஐயரம்மாவின் முகம் என்னவோபோல் ஆகிவிட்டது. நாங்கள் எல்லோரும் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டோம்.

சனிக்கிழமை நடை எப்படித் தொடங்கியது என்று சொல்ல வேண்டும். உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடிய பஸ் பாதி வழியில் நின்றுவிடும். இறங்கி நடந்து நடந்து எங்களுக்குக் கால் பழகிவிட்டது. சண்டை முடிந்து பெட்ரோல் பஸ் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஞாயிறு கோயிலுக்கு, ஆகவே சனிக்கிழமை. ஆண்கள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் பெரிய சார்தான் தலைவர். கையில் கம்போடு முன்னால் போவார். அவரோடு கம்பவுண்டர் அண்ணாச்சியும், தாலுகா ஆபீசில் எழுத்தராக இருந்த என் கணவரும். பின்னால் நான், அண்ணாச்சியின் மனைவி, தையல் டீச்சர். எஸ்தர் இரண்டு கூட்டத்துக்கும் நடுவே ஓடிக்கொண்டிருப்பாள். கட்டுச்சோறு எலுமிச்சம்பழச் சாதம். புளியங்குடிப் பழம் மலிவு. தொட்டுக்கொள்ளப் பொரித்த கருவாடு. கரிசல் காட்டுத் தடம், பருத்திக் காடு, மேற்கே நீலமாய் மலை. ஏதாவது ஒரு தோட்டத்துக் கிணற்றடியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். பெரிய சார் ஒரு பாட்டுப் பாடுவார், நன்றாக இருக்காது. "எப்படி?" என்று எல்லோரையும் கேட்டுவிட்டுத் தையல் டீச்சரை மட்டும் கேட்காமல் விட்டுவிடுவார்.

எங்கள் பக்கத்தில் வழி கேட்டவரிடம் தெரியாது என்று சொல்வது மரியாதைக் குறைவு. வந்தவரை வெறுங்கையோடு அனுப்பியதுபோல ஆகிவிடும். அதனால் தெரியாதவர்களும் தாராளமாகக் கை நீட்டுவார்கள். ஒரு சனிக்கிழமை கரிவலம் போக வேண்டிய நாங்கள் அப்படி நான்கு பேர் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு நடந்து புளியங்குடி ரோட்டில் போய் ஏறினோம். "இன்னும் ரெண்டு பேருகிட்ட கேட்டிருந்தா கொழும்புக்கே போயிருக்கலாம்" என்றார் அண்ணாச்சி. அதற்குப் பிறகு வழி கேட்கும் வேலையைத் தையல் டீச்சர் எடுத்துக்கொண்டார். கேட்டுவிட்டு, பதில் வந்ததும் இரண்டாவதாக ஒன்று கேட்பார்: "நீங்க அந்தப் பாதையில போயிருக்கியளா?" பாதிப் பேர் கோபித்துக்கொள்வார்கள். மீதிப் பேர் சிரித்துக்கொண்டே, "இல்ல தாயி, எங்க மச்சான் போயிருக்காரு" என்பார்கள்.

எனக்கும் அந்தக் கேள்வி எரிச்சல்தான். அவரோடு பேசினால் நாம் சொல்வதை யாரோ அடிக்கோல் வைத்து அளப்பது போலிருக்கும். அதை இங்கே மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நடந்தது அந்த எரிச்சலில் இருந்துதான் வந்தது.

அது ஒரு தை மாதம். சோளம் ஆள் உயரத்துக்கு நின்றது. ஒரு தோட்டத்தில், கமலை இறைக்கிற கிணற்றடியில் சாப்பிட்டோம். தோட்டக்காரர் வாய்க்காலில் தண்ணீர் விட்டார். கை கழுவி, சொம்பில் மோந்து குடித்து, சற்றுப் படுத்து எழுந்து கிளம்பினோம். பெரிய சாருக்கு மூன்று மணிக்குள் ரோட்டுக்குப் போய்விட வேண்டும். ஆண்கள் வேகமாக முன்னால் போய்விட்டார்கள். நாங்கள் தூக்குச்சட்டிகளை அலம்பி எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தோம். இரண்டு பக்கமும் சோளம். முன்னால் போகிறவர்கள் தெரியவில்லை, பேச்சுக் குரல் மட்டும் வந்தது.

"எஸ்தர் எங்க?" என்றார் தையல் டீச்சர்.

"அவ அப்பாகூடப் போறா."

"பாத்தியளா?"

வெயில். தோளில் பை. அண்ணாச்சி மனைவியோடு ஒரு கதையின் நடுவில் இருந்தேன். "பாத்தேன்" என்றேன்.

பார்க்கவில்லை. அவள் எப்போதும் அப்படித்தான் ஓடுவாள், அதனால் அப்படித்தான் ஓடியிருப்பாள் என்று நினைத்தேன். அதைப் பார்த்ததாகச் சொன்னேன். டீச்சர் தலையை அசைத்துவிட்டு நடந்தார். மற்றவர்கள் வார்த்தையையும் தன் வார்த்தையைப்போலவே அவர் எடுத்துக்கொண்டார்.

பத்து நிமிடம் நடந்திருப்போம். சோளக்காடு முடிந்து தடம் ஒரு குளத்துக் கரைமேல் ஏறுகிறது. கரையில் ஆண்கள் வரிசையாக நடந்துபோவது தெரிந்தது. பெரிய சாரின் கம்பு, அண்ணாச்சியின் தலைப்பாகை, என் கணவரின் குடை. மூன்று பேர். டீச்சர் நின்றார். என் பக்கம் திரும்பினார். செருப்பு தட்டத் தட்ட ஓடினார். அவர் ஓடி அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"பிள்ளை உங்ககூட வரலையா?"

என் கணவர் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "உங்ககூட இல்லையா?" என்றார். பிறகு குரல் உயர்ந்தது. "முன்னால வந்துட்டான்னு யாரு சொன்னது?"

டீச்சர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. நான் பேசுவேன் என்று காத்திருந்தார். நான் தரையைப் பார்த்தேன். என்னிடம் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் அவர் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்கிறவர்தான் அவர். சொல்லவில்லை. "திரும்பிப் போவோம்" என்றார்.

அண்ணாச்சியின் மனைவியைச் சட்டிகளோடு கரையிலேயே விட்டுவிட்டு ஓடினோம். திரும்பும் வழியில் தடம் இரண்டாகப் பிரிகிற இடத்தில் ஓர் ஆட்டுக்காரர் நின்றார்.

"வெள்ளைக் கவுன் போட்ட சின்னப் பிள்ளை இந்தப் பக்கம் வந்துதா வே?" என்று கத்தினார் பெரிய சார்.

"தெக்காம போச்சே!" என்று அவர் கம்பை நீட்டினார். பெரிய சாரும் அண்ணாச்சியும் தெற்கே ஓட ஆரம்பித்துவிட்டார்கள். என் கணவரும் அந்தப் பக்கம் திரும்பினார்.

டீச்சர் மூச்சு வாங்க நின்று ஆட்டுக்காரரிடம் கேட்டார்: "அண்ணாச்சி, நீங்க பாத்தியளா? இல்ல, போயிருக்கும்னு சொல்லுதியளா?"

ஆட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "தெக்கதான தாயி ஊரு இருக்கு. பிள்ளைன்னா ஊரைப் பாத்துத்தான போகும்."

"பாக்கலை?"

"பாக்கலை."

டீச்சர் என்னையும் என் கணவரையும் பார்த்துச் சொன்னார்: "நான் அவளைக் கடைசியாப் பாத்தது சாப்பிட்ட எடத்துல. வாய்க்கால்ல கை கழுவிக்கிட்டு மேக்க பாத்துக்கிட்டு நின்னா. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். நான் அங்கன போறேன்."

நாங்கள் அவர் பின்னால் ஓடினோம். வழியெல்லாம் என் கணவர், "இங்கனதான் எங்கயாவது இருப்பா, புளியங்காய் பெறக்கிக்கிட்டு இருப்பா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அதை அவர் சொல்லாமல் இருந்தால் நான் அழுதிருப்பேன். சொன்னதால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

கமலைக் கிணற்றடியில் அவள் இல்லை. தோட்டக்காரரும் இல்லை. மேற்கே சோளத்துக்குள் ஒரு சின்ன ஆள் நுழைந்த மாதிரி தட்டைகள் ஒதுங்கியிருந்தன. அதன் வழியே போனோம். அந்தப் பக்கம் ஒரு மொட்டைக் கிணறு. சுற்றுச்சுவர் கிடையாது, தரை மட்டத்தில் அப்படியே வாயைத் திறந்து கிடக்கும். கரையில் ஓர் உடைமரம் கிணற்றுக்குள் சாய்ந்திருந்தது. அதன் கிளைகளில் காலியான பழைய தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கின. எஸ்தர் குப்புறப் படுத்திருந்தாள். இடுப்புக்கு மேலே கிணற்றுக்குள் இருந்தது. கையில் ஒரு சோளத்தட்டை. அதை நீட்டி ஒரு கூட்டை இழுத்துக்கொண்டிருந்தாள்.

நான் வாயைத் திறந்தேன். டீச்சரின் உள்ளங்கை என் வாயை அடைத்தது. கூப்பிட்டால் திடுக்கிட்டுத் திரும்புவாள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அவர் செருப்பை உதறினார். குடையைக் கீழே வைத்தார், போடவில்லை. உடைமுள் பரந்து கிடந்த அந்தத் தரையில் வெறுங்காலோடு சத்தமில்லாமல் நடந்துபோய், மண்டியிட்டு, இரண்டு கணுக்கால்களையும் சேர்த்துப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். எஸ்தர் வீறிட்டாள். நாடி தரையில் உரசித் தோல் கிழிந்தது. அந்தத் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது.

"கூடு கைக்கு வந்துட்டு டீச்சர்! நீங்கதான் கெடுத்துட்டிய!" என்று அழுதாள்.

அவள் படுத்திருந்த இடத்திலிருந்து ஒரு கட்டி மண் பெயர்ந்து உள்ளே போனது. தண்ணீர்ச் சத்தம் உடனே வரவில்லை.

அந்த இடைவெளியைத்தான் நான் இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

என் கணவர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். டீச்சர் ஒரு கல்லில் உட்கார்ந்து தன் காலில் ஏறியிருந்த முட்களை ஒவ்வொன்றாக எடுத்தார். நான் அவர் முன்னால் உட்கார்ந்தேன். எனக்கு ஒரு வார்த்தை வேண்டியிருந்தது.

"ஒண்ணும் ஆயிருக்காது, இல்லையா டீச்சர்? மரக்கிளை இருந்துது. நாம வராட்டாலும் தானா எந்திரிச்சு வந்திருப்பா, இல்லையா?"

அவர் நிமிர்ந்தார். "எனக்குத் தெரியாது டீச்சர்" என்றார்.

என் பிள்ளையைக் காப்பாற்றியவரை நான் பல மாதங்கள் வெறுத்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா? நான் ஒன்று சொன்னேனே.

சனிக்கிழமை நடை அத்தோடு நின்றுவிட்டது. யாரும் நிறுத்தவில்லை, யாரும் கூப்பிடவில்லை. அந்த வருடக் கடைசியில் டீச்சர் மாற்றலாகி வேறு ஊருக்குப் போனார். போன பிறகுதான் அண்ணாச்சி ஒருநாள் சொன்னார். டீச்சரின் கணவர் ரங்கூனில் வேலையாக இருந்தவர். ஜப்பான்காரன் குண்டு போட்டபோது நம்மவர்கள் கூட்டம் கூட்டமாகக் காட்டுவழியே நடந்து வந்தார்கள் அல்லவா? அப்படி வந்து சேர்ந்த ஒருவர் டீச்சரைத் தேடிவந்து, "பின்னால வாற கூட்டத்துல வாராரு, என் கண்ணால பாத்தேன்" என்று சொல்லியிருக்கிறார். டீச்சர் எட்டு மாதம் சோறு கூடுதலாக வடித்தார். எட்டு மாதம் கழித்து அந்த ஆளே வந்து அழுதாராம். பார்க்கவில்லையாம், வந்துகொண்டிருப்பார் என்று நினைத்தாராம், அந்த முகத்தைப் பார்த்து வேறெதையும் சொல்ல வாய் வரவில்லையாம்.

நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறார். நானும் கெட்ட மனதோடு சொல்லவில்லை. நான் "பாத்தேன்" என்று சொன்னது யாரிடம் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எழுதி மன்னிப்புக் கேட்க விலாசம் தேடினேன். பள்ளிக்கூடத்தில் இருந்த விலாசத்துக்குப் போட்ட கடிதம் திரும்பி வந்தது.

இப்போது எஸ்தருக்குப் பதினெட்டு வயது. பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். போன வாரம் கடிதம் வந்தது. பிள்ளைகள் பதினைந்து பேர் சேர்ந்து வருகிற சனிக்கிழமை மலையடிவாரத்தில் ஓர் ஊர் வரைக்கும் நடந்து போகிறார்களாம். ஞாயிறு மாலை திரும்புவார்களாம். வீட்டுச் சம்மதம் எழுத்தில் வேண்டுமாம். "பயப்படாதே அம்மா, கூட்டமாகத்தான் போகிறோம்" என்று எழுதியிருந்தாள்.

"கூட்டம்னாத்தான் பயம்" என்றேன்.

"வார்டனம்மா போறாங்கள்லா? பாத்துக்கிடுவாங்க" என்றார் என் கணவர்.

அந்தச் சொல்தான் என்னை உடைத்தது. அடுப்பில் பால் இருந்தது, அதைக்கூட இறக்காமல் சொல்லிவிட்டேன். சோளக்காட்டில் டீச்சர் கேட்டதும், நான் பாத்தேன் என்றதும், கரைமேல் அவர் என்னைப் பார்த்துக் காத்திருந்ததும். பதினொரு வருடம்.

என் கணவர் எழுந்து போய்ப் பாலை இறக்கி வைத்தார். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினார்.

"கரைமேல ஏறும்போது பெரிய சார் கேட்டாரு, பிள்ளை எங்கன்னு. அவ அம்மாகூட வாரா, இப்பத்தான் திரும்பிப் பாத்தேன்னு சொன்னேன்."

"பாத்தியளா?"

"திரும்பவே இல்லை."

நான் அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்தேன்.

"திங்கக்கிழமை பள்ளிக்கூட வாசல்ல நின்னு டீச்சர்கிட்ட அதைச் சொன்னேன். என் பொண்டாட்டிகிட்ட மட்டும் சொல்லிராதீங்க, தாங்கமாட்டான்னு கேட்டுக்கிட்டேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"நான் பாக்காததை நான் எப்படிச் சார் சொல்லுவேன்னாங்க. அவ்வளவுதான். குடையை விரிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க."

ஆக அவருக்கு இரண்டும் தெரிந்திருந்தது. எதிர் வகுப்பறையில் ஒரு வருடம் முழுக்க என் கண்ணில் படுகிற இடத்தில் உட்கார்ந்து பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தையில் என் பாரத்தில் பாதியை அவர் இறக்கியிருக்கலாம். என் கணவரும் கேட்டுக்கொண்டார், தானும் பார்க்கவில்லை; அதனால் இறக்கவில்லை. அதற்கு அவரை நோவதா, கும்பிடுவதா என்று இன்னும் எனக்கு முடிவாகவில்லை.

பால் ஆறி ஆடை படிந்தது. பிறகு என் கணவர் மேஜையில் உட்கார்ந்து சம்மதக் கடிதத்தை எழுதினார், தாலுகா ஆபீஸ் எழுத்தில், இரண்டே வரி. எழுதிவிட்டுத் தாளை என் பக்கம் தள்ளினார். "அடியில நீயும் ஒரு வரி எழுது."

பத்திரமாய்ப் போய்ப் பத்திரமாய் வருவாய் என்றுதான் பேனா ஓடப் பார்த்தது. நிறுத்தினேன். அது எனக்கு எப்படித் தெரியும்?

"மக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. நீ போய் வா" என்று எழுதி, மை காய்வதற்குள் மடித்துவிட்டேன்.